அம்மம்மாவின் வளவு யார் வழி வந்தது?

காணி, வளவு, பரம்பரை பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு விட்டுவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். முதல் பதில் நீளம், ஏனென்றால் மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் அம்மம்மாவின் வளவு முள்ளியவளையில் இருக்கிறது. அது அவருடைய சீதனம் என்று அம்மா சொல்லுவார். கல்வீடு 2009இல் உடைந்துபோனது. கிணறும் இரண்டு புளியமரமும் வைரவர் சூலமும்தான் மிச்சம். காணி உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிள்ளைகளுக்காக இந்த வளவின் வரலாற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். பெரிய மாமாவிடம் பரம்பரையைக் கேட்டேன். அம்மப்பா, அவருடைய தகப்பன், அவருக்குத் தகப்பன் என்று ஐந்து பெயர் எழுதித் தந்தார். ஆனால் அவர்களில் ஒருவரும் அந்த வளவில் பிறந்தவராகத் தெரியவில்லை. எங்கே பிழை விட்டோம்?
வாசகி, வவுனியா

பதில்: மாமா தந்த பட்டியலில் பிழை இல்லை, பிள்ளை. அது அம்மப்பாவின் பரம்பரை, அவ்வளவுதான். நீங்கள் எழுத நினைப்பது வளவின் வரலாறு. அந்த வளவுக்கு அம்மப்பா மாப்பிள்ளையாக வந்தவர். அவருடைய மாமனாரும் அநேகமாக அப்படி வந்தவராகத்தான் இருப்பார். மாப்பிள்ளைமாரின் தகப்பன்மாரை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் அவர்கள் பிறந்த ஊர்கள் வரும், உங்கள் கிணற்றடி வராது. வளவு தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது, ஆகவே அதன் பரம்பரையும் பெண்களின் வரிசையில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்கு அம்மம்மாவின் தாயின் பெயர்கூடத் தெரியாது என்பதுதான் கவலை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஒல்லாந்தர் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியைக் கொண்டு எழுதுவித்த தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தில், இது தெளிவாக இருக்கிறது. கணவன் பக்கத்தால் வந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இரண்டு பேரும் சேர்ந்து தேடியது தேடிய தேட்டம். பழைய முறைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. போர்த்துக்கேயர் காலத்திலேயே இது மாறத் தொடங்கிவிட்டது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் குடியிருக்கிற வளவை மகளுக்குக் கொடுத்துவிட்டு மகனை இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் இன்றைக்கும் இருக்கிறதுதானே.

சரி, எப்படித் தேடுவது? உறுதி தொலைந்துவிட்டது என்று மனம் விடாதீர்கள். ஒரு நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது ஒரு பிரதியை உரியவரிடம் கொடுப்பார், ஒன்றைத் தன் கோவையில் வைப்பார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் நினைவிருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் காணியின் பெயரையும் ஊரையும் சொல்லித் தோம்பு (காணிப் பதிவேடு) தேடலாம். காணிகளுக்கென்று பெயர் உண்டு என்பதை இந்தக் காலப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். அம்மாவிடம் கேளுங்கள், ஆலடி வளவு, பெரிய வளவு என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும், சொந்தக்காரர்கள் மாறினாலும் அந்தப் பெயர் உறுதிக்கு உறுதி தொடர்ந்து வரும். இன்னொரு விஷயம்: முல்லைத்தீவு தனி மாவட்டம் ஆனது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய தாள்களில் உங்கள் ஊர் வவுனியா மாவட்டத்தில் இருக்கும், கிளிநொச்சி ஆட்களுக்கு யாழ்ப்பாண மாவட்டம் என்று இருக்கும். ஒரு கந்தோரில் இல்லை என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பிரதி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் விலையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எல்லைகளைப் படியுங்கள். உதாரணத்துக்கு நானே பெயர் போட்டு எழுதுகிறேன்: "கிழக்கு ஒழுங்கையும், வடக்கு வேலர் மகள் வள்ளியம்மையின் காணியும், மேற்கு குளத்து அலைகரையும், தெற்கு கந்தர் பெண்சாதி சின்னாச்சிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய காணியும், இவ்வெல்லைக்குள் அடங்கிய நிலம், வீடு, வான்பயிர், செய்பயிர் முழுவதும், கிணற்றில் மூன்றிலொரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும்." இந்த வள்ளியம்மையும் சின்னாச்சியும் யார்? அயலட்டை ஆட்கள் என்று விட்டுவிடாதீர்கள். அநேகமாக அவர்கள் உங்கள் பூட்டியின் சகோதரிகள், இல்லாவிட்டால் பெரியம்மா, சின்னம்மா முறையானவர்கள். ஒரு பெரிய வளவு மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஒவ்வொருவரின் எல்லையிலும் மற்றவரின் பெயர் விழும், கிணறு மட்டும் பிரிக்க முடியாமல் மூன்று பங்காக நிற்கும். அந்த "மூன்றிலொரு பங்கு" என்ற சொல்லே ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகளுக்குக் காணி போனது என்பதற்குத் துப்பு. இப்படி ஒவ்வோர் உறுதியாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், நடுவில் வேலியே இல்லாமல் கிடந்த ஒரே வளவு ஒருநாள் தாளில் வந்து நிற்கும், அப்போது அதன் சொந்தக்காரியாக எழுதப்பட்டிருக்கும் பெண்தான் நீங்கள் தேடுகிற ஆள். உங்கள் தோம்பு கிடைக்காமல் போனால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் எல்லையில் உங்கள் அம்மம்மா இருப்பார்.

பெயர்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பார்கள். அதனால் வேலர் கந்தர், கந்தர் வேலர் என்று மாறி மாறி வரும், இரண்டு வேலரையும் ஒருவராக நினைத்தால் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும். பெண்களில் இன்னும் சிக்கல். ஒரே ஆள் ஓர் உறுதியில் இன்னார் மகள், பத்து வருடத்துக்குப் பிறகு இன்னொன்றில் இன்னார் பெண்சாதி. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டுவது விவாகப் பதிவு. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் இலங்கையில் 1867 முதல் இருக்கின்றன. ஊரில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்டவர்களும் ஏராளம், அந்த இடத்தில் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் முழுப்பெயரைப் பாருங்கள்.

கந்தோருக்குப் போகாமலே கிடைக்கிற சாமானும் இருக்கிறது. அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் உங்கள் சொந்தக்காரரில் யாராவது ஒருவரின் பெட்டிக்குள் கிடக்கும், பல கல்வெட்டுகளில் வம்சவழியே போட்டிருப்பார்கள். அதைவிட எனக்கு நம்பிக்கையானது பத்திரிகை மரண அறிவித்தல். "முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற தாய் தகப்பன், மாமன் மாமி, சகோதரங்கள், மருமக்கள் வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள், அதில் பெண் பெயர்கள் விடுபடுவதில்லை. வீரகேசரி 1930இலிருந்து வருகிறது, பழைய இதழ்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. பழைய சாதக ஓலை இருந்தால் பத்திரம். ஆனால் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவது: விகாரி வருடம் என்று இருந்தால் அது 1899ஆ 1959ஆ என்று வேறொரு தாளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைரவரையும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூலத்துக்கு வருடப் பொங்கல் வைக்கும்போது யார் யார் பங்கு கொடுத்தார்கள், எந்த ஒழுங்கையிலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். காணி பிரிந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள்கூட அந்த மடைக்கு வந்திருப்பார்கள், ஏனென்றால் தெய்வம் பிரிபடவில்லை. உங்களுடைய ஊர் முள்ளியவளை என்றபடியால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் போகிறதே, அந்தத் தொண்டுகளில் சில இன்ன குடும்பத்துக்கு என்று முறையாக வருபவை. உங்கள் வீட்டுக்கு அப்படி ஏதும் முறை இருந்ததா, இருந்தால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கோயில்காரரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். பாட்டன், பூட்டன் காலம் தொட்டு ஒரே இடத்தில் இருக்கிறோம், ஆனால் உறுதி இல்லை, அரசு தந்த பெர்மிட்தான் (அனுமதிப்பத்திரம்). உறுதி இல்லாததைப் பரம்பரைக் காணி என்று சொல்லலாமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உறுதி இல்லாதது உங்கள் முன்னோரின் குறை இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடாகவும் தரிசாகவும் பயிரில்லாமலும் கிடந்த காணியெல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொண்டது. வன்னியில் ஒரு வருடம் வெட்டி விதைத்துவிட்டுச் சில வருடம் காடாக விடுகிற சேனை முறை, குளம் உடைத்தால் ஊரோடு எழும்பி அடுத்த குளத்துக்குப் போகிற வாழ்க்கை. இந்த முறையில் சீவித்த சனத்தின் நிலம் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் காடு. பிறகு 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அந்தக் காணியிலேயே உங்களை இருத்தி அனுமதிப்பத்திரம் தந்தார்கள்.

இங்கேதான் முதல் பதிலில் சொன்ன பெண்வழி அறுந்தது. அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பிறகு காணிக்கு உரியவரை (பின்னுரித்தாளரை) நியமிக்காமல் செத்தால் மகன்மார் முதலில், அதற்குப் பிறகுதான் மகள்மார் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது. தாய்வழி வீடு மகளுக்கு என்று இருந்த ஊர்களில் ஒரு தாள் வந்து வரிசையைத் திருப்பிவிட்டது. 2022இல் திருத்தம் செய்து ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் இடையில் போன எண்பத்துச் சொச்சம் வருடத்தில் எத்தனை அக்காமார் தாங்கள் கூட்டிப் பெருக்கிய முற்றத்தைத் தம்பிமாரின் பெயரில் பார்த்தார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. ஆகவே உங்கள் குடும்ப வரலாற்றை பெர்மிட்டில் இருக்கிற பெயர்களை வைத்து மட்டும் எழுதாதீர்கள். அந்த வீட்டில் உண்மையாக இருந்தவர் யார் என்பதற்கு வாக்காளர் இடாப்பைப் பாருங்கள், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பைப் பாருங்கள், பிரதேச செயலகத்தில் உங்கள் காணிக் கோவையில் உள்ள கடிதங்களைக் கேளுங்கள். தர மறுத்தால் 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

இதைப் பிறகு பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அந்தக் கிழமைகளில் சனம் தாள் தேடி ஓடிய ஓட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் பண்டாரவன்னியன் வழி என்று சித்தப்பா சொல்லுகிறார். இதை எப்படி உறுதிப்படுத்துவது?
வாசகர், நெடுங்கேணி

பதில்: தம்பி, சித்தப்பாவின் பெருமை எனக்கும் உள்ள பெருமைதான். 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் பண்டாரவன்னியன், ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படை அவரைத் திடீரென்று தாக்கித் தோற்கடித்தது. இது வரலாறு. அதற்கு முதல் 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து வரும்வரை பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவடி என்று வன்னிமைகள், அதாவது சிறு ஆட்சிப் பிரிவுகள், இருந்தன, ஒன்றுக்கு ஒருவர் என்று வன்னியர் என்ற தலைவர்கள் இருந்தார்கள், வன்னிச்சி என்று பெண் தலைவிகளும் இருந்தார்கள்.

ஆனால் 1803க்கும் சிவில் பதிவு தொடங்கிய 1867க்கும் நடுவில் அறுபத்துநாலு வருடம். சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு அந்த இடைவெளியைத் தாண்டத் தாள் கிடைப்பது மிகவும் அரிது. மேலே நின்று கீழே இறங்காமல் உங்களிலிருந்து தொடங்கி மேலே போங்கள். தாய், அம்மம்மா, பூட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளோ ஒரு சாட்சியோ வைத்துக்கொண்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சித்தப்பா சொன்னதைச் "சித்தப்பா சொன்னது" என்று அவர் பெயரோடும் திகதியோடும் தனியாக எழுதுங்கள், அதுவும் வரலாறுதான், வேறு வகை. இன்னொன்று, எட்டுத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 256 முன்னோர். அதில் ஒருவரைத் தேடி ஓடும்போது மிச்சம் 255 பேரும், அதில் பாதிக்கு மேல் பெண்கள், பெயர் இல்லாமல் போய்விடுகிறார்கள். குளத்துக்கு மண் சுமந்தவர்களும் நெல் வைக்கிற கொம்பறைக்கு மண் பூசியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். உங்கள் ஊர் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கும்போது குறி சுடுகிற கம்பி ஒன்று அகப்பட்டது, இரண்டு எழுத்து இருக்கிறது. எங்கள் பெயர்களோடு பொருந்தவில்லை.
வாசகர், மாங்குளம்

பதில்: எறிந்துவிடாதீர்கள். குறியில் பெரும்பாலும் சொந்தக்காரரின் முதலெழுத்துகள்தான் வரும். மகளுக்குச் சீதனமாகக் காணியோடு பசுவும் கன்றும் போவது வழக்கம், அப்போது பட்டிக்குக் குறி பழைய ஆளுடையதாகவே நிற்கும். உங்கள் அப்பாவின் பக்கத்தில் தேடிப் பொருந்தவில்லை என்றால் அப்பம்மாவின் தகப்பன் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கிணறு வெட்டும்போது பழைய பானை ஓடுகளும் பெரிய செங்கற்களும் வந்தன. எங்கள் முன்னோருடையவையா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அப்படி நேராகச் சொல்ல முடியாது. வன்னியில் ஊர்கள் பலமுறை அழிந்து காடாகி மறுபடி குடியேறப்பட்டவை. காய்ச்சல் ஒன்றே போதும், 1934–35 மலேரியாவில் நாடு முழுவதும் சுமார் எண்பதாயிரம் பேர் செத்தார்கள். அந்தச் செங்கல் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் பெரிய காடே இருந்திருக்கலாம். தொல்பொருள் என்றாலே எங்கள் சனத்துக்கு வருகிற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1940இன் சட்டப்படி அறிவிக்க வேண்டியது கடமை. எடுத்த இடத்தோடு படம் எடுத்து, ஆழத்தைக் குறித்து, கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுத்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், அதோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். மேற்கொண்டு நீங்களாகக் கிண்டாதீர்கள்.

கேள்வி: நான் பிறந்தது ஸ்காபரோவில். அம்மாவின் ஊர் விசுவமடு. அம்மாவின் வளவைப் பற்றி அறிய விருப்பம், ஊருக்குப் போக இப்போது வசதியில்லை. இங்கிருந்தபடி என்ன செய்யலாம்?
வாசகர், கனடா

பதில்: உங்களைப் போன்ற பிள்ளைகள் கேட்கத் தொடங்கியது பெரிய சந்தோஷம், தம்பி. 2005இலிருந்து இயங்குகிற நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாக இருக்கின்றன. ஊர்ப் பெயரையும் அம்மாவின் பள்ளிக்கூடப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். விசுவமடு குடியேற்றத்தோடு வளர்ந்த ஊர், ஆகவே அம்மாவின் தாய் தகப்பன் எந்த ஊரிலிருந்து அங்கே வந்தவர்கள் என்பதை முதலில் பிடியுங்கள், தேட வேண்டிய இரண்டாவது வளவு அங்கே இருக்கிறது.

ஆனால் உங்களுக்குப் பக்கத்திலேயே பெரியம்மாமார் இருப்பார்கள், அவர்களிடம் போகும்போது "எங்கட பரம்பரையைச் சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் ஆண்களின் பெயர்தான் வரும். "அந்த வீட்டில் ஆருக்கு ஆர் பேறு பார்த்தது, ஆர் எந்த ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர், கிணறு ஆற்ற கல்யாணத்துக்கு முதல் வெட்டினது, சாமத்தியவீட்டுக்கு முற்றத்தில் எந்த மரத்தடியில் பந்தல் போட்டது" என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டுபோய், வளவின் படத்தை அவர்கள் கையாலேயே கீறச் சொல்லுங்கள். இரண்டு பெரியம்மா இருந்தால் தனித்தனியாகக் கீறவிட்டு, பொருந்தாத இடத்தை இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கேளுங்கள்.